வரி கேட்கப் போனவன் வாங்கி வந்த மனுக்கள்

பேரூராட்சியில் பில் கலெக்டருக்குக் காகிதத்தில் ஒரே வேலைதான்: வரி வசூல். தெருவில் இறங்கினால் கதை வேறு. செயல் அலுவலர் அறைக்குள் போக ஜனங்கள் தயங்குவார்கள். கவுன்சிலர் எல்லா நேரமும் கையில் சிக்கமாட்டார். துப்புரவு ஆய்வாளர் விடிவதற்கு முன்பே ஏதாவது ஒரு வார்டுக்குப் போயிருப்பார். தோளில் பையும் கையில் ரசீது புத்தகமுமாக வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிற ஆள் பில் கலெக்டர் ஒருவர்தான். அதனால் தண்ணீர் வரவில்லை என்றாலும் அவரிடம்தான், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் அவரிடம்தான், பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றாலும் அவரிடம்தான் கேட்பார்கள். எண்பதுகளின் கடைசியில் இந்த வேலையில் சேர்ந்தேன். ஓய்வு பெற்று அதிக நாளாகவில்லை. நான் வசூலித்த பணத்துக்கு அலுவலகச் சிட்டாவில் கணக்கு இருக்கிறது. வாசலில் நின்று கேட்டுவந்த குறைகளுக்குத்தான் எங்கேயும் கணக்கு கிடையாது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, எந்த வேலை யாருடையது, எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று தெரியாததால் வந்த அலைச்சல்.

எங்கள் மதுரை மாவட்டத்தில் வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர், பாலமேடு, பரவை உட்பட 9 பேரூராட்சிகள். தமிழ்நாடு முழுக்க 2022 தேர்தல் சமயத்தில் 490. முழுக் கிராமமும் இல்லை, முழு நகரமும் இல்லை என்கிற ஊர்கள். வயலும் இருக்கும், வாரச்சந்தையும் இருக்கும், குளிர்சாதனம் வைத்த நகைக்கடையும் இருக்கும். 2004ல் அரசு ஒரே உத்தரவில் 561 பேரூராட்சிகளைச் சிறப்பு கிராம ஊராட்சிகளாக மாற்றியது. மத்திய அரசின் கிராம வளர்ச்சி நிதி கிடைக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணம். பெயர்ப்பலகையை அழித்து எழுதினோம். ரப்பர் முத்திரையைப் புதிதாகச் செய்யக் கொடுத்தோம். 2006ல் மறுபடி பேரூராட்சி. பழைய முத்திரையைத் தேடி எடுத்தோம். இந்த இரண்டு வருடமும் "இப்ப நாம பட்டிக்காடா, டவுனாண்ணே?" என்று டீக்கடையில் கேட்காத ஆளில்லை. குழாயில் தண்ணீர் விடும் முறை மட்டும் இரண்டு உத்தரவுக்கும் அசைந்துகொடுக்கவில்லை.

வேலை இப்படி இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிவிதிப்பு எண். கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று கட்டத்தில் பதிவேடு. காலையில் வார்டுக்குள் நுழைந்து, கார்பன் தாள் வைத்து ரசீது எழுதி, சாயங்காலம் காசை எண்ணி, சிட்டாவில் ஏற்றி, அலுவலகத்தில் கட்டிவிட வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் நம் சட்டைப் பையிலிருந்துதான் போகும். ஜனவரியில் மெல்ல ஆரம்பிக்கும் நெருக்கடி மார்ச்சில் உச்சத்துக்கு வரும். நூறு சதவீத வசூல் என்று மேலிருந்து சொல்வார்கள். மைக் கட்டிய ஆட்டோ சுற்றும். குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று நோட்டீஸ் போகும். அந்த மாதத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால்கூட, நம்மைப் பார்த்ததும் பந்தியில் இடம் மாறி உட்காருகிறவர்கள் உண்டு.

வரியைப் பற்றி ஊருக்குத் தெரிய வேண்டியது அதிகமில்லை, தெரிந்தவர்களும் அதிகமில்லை. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதன்படி அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழியும். உச்சவரம்பு 5,000 ரூபாய். இழுத்தடித்தால் மாதாமாதம் வட்டி ஏறும். எங்கள் ஊரில் ஒரு மளிகைக் கடைக்காரர் சந்தை விலையில் பத்துப் பைசா வித்தியாசத்துக்கு மதுரை கீழமாசி வீதி வரை போவார். வரியை மட்டும் மார்ச் கடைசி வாரம்தான் கட்டுவார். கழிவு கிடைக்கும் என்று எடுத்துச் சொன்ன பிறகு ஏப்ரல் முதல் வாரத்தில் முதல் ஆளாக வந்து நிற்க ஆரம்பித்தார். ஒருவர் சொன்னால் கடைவீதிக்கே பரவிவிடும். அதற்கு அடுத்த வருடம் அந்தத் தெருவில் நான் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2022ல் சொத்து வரி உயர்ந்தது. குடியிருப்புகளில் 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். அந்த வருடம் வாங்கிய வசவுகளை எழுத முடியாது. "வரி கேக்க மட்டும் வந்துருவீக. தண்ணி வந்து நாலு நாளாச்சு, அத யாரு கேக்குறது?" என்று ஒரு பாட்டி படியில் உட்கார்ந்தபடி கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் கேட்ட அதே கையால் பணத்தையும் எண்ணிக் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டவர்களை விட அந்தப் பாட்டியிடம்தான் எனக்குப் பயம் அதிகம். மறுநாள் அவருடைய குறையைத் தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் நானே கொண்டுபோனேன்.

அந்தத் தொகைக்குள் இன்னொன்றும் இருக்கிறது. சொத்து வரியோடு ரூபாய்க்கு பத்துப் பைசா நூலக வரியாக வசூலாகிறது. 1948ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் தொடர்ச்சி அது. நாங்கள் வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைக்க வேண்டும். ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராக இல்லாதவர்கள்கூட ஆண்டுதோறும் அதற்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதைச் சொன்னதும் ஒரு தையல்காரர், "அப்ப எம் மகளை நாளைக்கே சேத்துவிடுறேன்" என்றார், சேர்த்தும்விட்டார்.

பதிவேட்டைப் புரட்டினால் செத்தவர்கள்தான் அதிகம் வரி கட்டிக்கொண்டிருப்பார்கள். தாத்தா பெயரில் வரிவிதிப்பு, அப்பா காலமாகிப் பல வருடம், பேரன்கள் மூன்று பேர் நடுவில் சுவர் வைத்துக் குடியிருப்பார்கள். ரசீது மட்டும் தாத்தா பெயரில். வங்கிக் கடன், பாகப்பிரிவினை, விற்பனை என்று ஏதாவது வரும்போதுதான் விழித்துக்கொள்வார்கள். வீடு வாங்கியவர் கிரயப் பத்திர நகலும் கடைசியாகக் கட்டிய வரி ரசீதும் வைத்து விண்ணப்பித்தால் பெயர் மாற்றம் நடக்கும். வாரிசாக வந்த சொத்துக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுச் சான்று வாங்கத் தாசில்தார் அலுவலகம் போக வேண்டும். சாட்சி சொல்லப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிடுவது உத்தமம். இதோடு இன்னொன்றையும் வாசல் வாசலாகச் சொல்லியிருக்கிறேன். வரி ரசீது இருந்தால் வீடு தன்னுடையது என்று ஆகிவிடாது. அது வரி கட்டியதற்குச் சான்று, அவ்வளவுதான். உரிமைக்குப் பத்திரமும் பட்டாவும் பேச வேண்டும். ரசீதை மட்டும் காட்டி முன்பணம் வாங்கியவர்களிடம் ஏமாந்த குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு.

பிறப்புச் சான்றிதழ் விஷயத்தில் நடக்கும் அலைச்சலுக்கு நம் வழக்கமே ஒரு காரணம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. பெண் பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம், பிரசவம் அங்கே ஆஸ்பத்திரியில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்பா எங்கள் அலுவலகத்துக்கு வந்து சான்றிதழ் கேட்பார். ஆதார் இங்கே, ரேஷன் கார்டு இங்கே, அப்புறம் ஏன் தரமாட்டீர்கள் என்று கோபப்படுவார். சட்டம் முகவரியைப் பார்ப்பதில்லை. பிறப்போ இறப்போ எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவாகும். கிராம ஊராட்சி என்றால் கிராம நிர்வாக அலுவலர் பதிவாளர். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இறந்தவரை ஊருக்குக் கொண்டுவந்து எங்கள் மயானத்தில் எரித்தாலும், இறப்புச் சான்று மதுரையில்தான். துக்க வீட்டில் இதைச் சொல்வது கஷ்டம். சொல்லாமல் விட்டால் காரியம் முடிந்து காப்பீட்டுப் பணத்துக்கு அலைகிறபோது இன்னும் கஷ்டம்.

நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 21 நாளுக்குள் தகவல் சொன்னால் கட்டணம் இல்லாமல் பதிவு. தாண்டினால் தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி. ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். ஆனால் குழந்தைக்குப் பெயர் வைத்த பிறகு அதைச் சேர்ப்பது பெற்றோர் பொறுப்பு. ஓராண்டுக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 வயது வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதிய சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, பத்தாம் வகுப்புப் படிவம் நிரப்பும்போது ஓடிவருவார்கள். பதிந்த பெயரை மனம் போல மாற்றவும் முடியாது. எழுத்துப்பிழையைத் திருத்தலாம், ஜோசியர் சொன்னார் என்று கூடுதலாக ஓர் எழுத்தைச் சேர்க்க முடியாது. அதனால் பெயரும் இனிஷியலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு வரச் சொல்வேன். 2023 அக்டோபர் 1ம் தேதி முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியைக் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். முன்பு போலப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதிக்கொண்ட தேதியை வைத்து ஒப்பேற்ற முடியாது.

யார் வேலை எது என்ற குழப்பம் தனி. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, பட்டா மாறுதல் எல்லாம் வருவாய்த் துறை. அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பேரூராட்சி அலுவலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் பேரூராட்சி. அதே கம்பத்தில் ஒயர் தொங்கினால் மின்வாரியம். மின்வாரியத்துக்கு 94987 94987 என்ற மின்னகம் எண் 2021லிருந்து இருக்கிறது. பேருந்து போகிற பெரிய சாலையில் பள்ளம் என்றால் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை. உள்தெருவில் பள்ளம் என்றால் நாங்கள். ஒரே வீட்டு வாசலில் மழைநீர் நின்றதற்கு மூன்று அலுவலகமும் ஒன்றை ஒன்று கைகாட்டிய கதையை நான் பார்த்திருக்கிறேன். விளக்கைப் பற்றிப் புகார் சொல்கிறவர்கள் "எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல" என்பார்கள். லைன்மேனுக்கு உங்கள் வீடு தெரியாது. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் அன்றைக்கே வேலை முடிய வழியுண்டு. எண் அழிந்திருந்தால் பக்கத்துக் கடைப் பெயரைச் சொல்லலாம்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை. பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது வகுத்துவைத்த அளவு. வைகைப் படுகைக் கிணற்றில் நீர் இருந்தால் அது கிடைக்கும். கோடையில் முறைவைத்து விட வேண்டியதுதான். அளவு குறைவதைவிடப் பங்கு குலைவதுதான் சண்டையைக் கிளப்பும். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால், கடைசித் தெருக் குழாயில் காற்றுத்தான் வரும். கடைசித் தெருக்காரர் என்னிடம் கத்துவார். மோட்டார் வைத்தவரும் என்னிடம்தான், "எல்லாரும் வைக்கிறாங்க சார்" என்பார். மோட்டார் வைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம் ஊர்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அடுத்தடுத்துத்தான் போகும். குழாயில் எங்காவது விரிசல் இருந்து, மோட்டார் இழுக்கிற வேகத்தில் உள்ளே அழுத்தம் குறைந்தால், வெளியே தேங்கிய சாக்கடை நீர் குழாய்க்குள் புகும். உறிஞ்சியவர் வீட்டுக்குத்தான் அது முதலில் போகும். இதைச் சொன்ன பிறகு சத்தமில்லாமல் மோட்டாரைக் கழற்றியவர்கள் உண்டு. அபராதம் போடுவோம் என்று மிரட்டியபோது கழற்றாதவர்கள் அவர்கள்.

தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்பது வாராவாரம் வரும் குறை. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் ப்ளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட வேண்டும்; அரை மணி நேரமாவது கழித்துத்தான் ஊருக்குத் திறந்துவிட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் சோதித்தால் 0.2 பி.பி.எம். குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். லேசான வாடை இருந்தால் பயப்படாதீர்கள். மழைக்காலத்தில் வாடையே இல்லையென்றால் கேளுங்கள். தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ வந்தால், ஒரு பாட்டிலில் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். வாயால் சொல்கிற புகாரை மறந்துவிடலாம். மேசையில் நிற்கிற பாட்டிலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

குப்பையைப் பற்றிப் பேசினால் ஊர் முகத்தைச் சுளிக்கும். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016ல் வந்த திடக்கழிவு விதி. காலையில் வண்டி மணி அடிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே கேரி பையில் முடிந்து எறிவதுதான் பல வீடுகளில் வழக்கம். அதைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். உடைந்த டியூப் லைட், சர்க்கரை நோய்க்குப் போட்ட ஊசி, குழந்தைக்குக் கட்டிய டயப்பர் எல்லாம் அவர் கையில்தான் படும். ஊசி குத்தி விரல் வீங்கி, விடுப்பெடுத்தால் சம்பளம் போகும் என்று வேலைக்கு வந்த ஒரு அக்காவைப் பார்த்திருக்கிறேன். ஊசியையும் கண்ணாடியையும் தாளில் சுற்றி, தனியாகக் கொடுத்து, வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதற்குப் பணமும் ஆகாது, நேரமும் ஆகாது.

2016 அக்டோபரில் கவுன்சிலர்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ல். இடைப்பட்ட காலத்தில் ஊருக்குத் தலைவரும் இல்லை, வார்டுக்கு உறுப்பினரும் இல்லை. குறை சொல்ல ஆள் இல்லாமல் ஜனங்கள் எங்கள் மாதிரி கீழ்நிலை ஊழியர்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அப்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எழுதத் தெரிந்த தெருவுக்கு வேலை நடந்தது. சத்தம் போட்ட தெருவுக்குப் பல சமயம் நடக்கவில்லை. ஒரு தெருவில் ஓய்வு பெற்ற தபால்காரர் இருந்தார். தெருப் பெயர், இடம், எத்தனை நாளாகப் பிரச்சினை, என்ன செய்ய வேண்டும் என்று நாலே வரியில் மனு எழுதுவார். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்காமல் நகரமாட்டார். பதில் வராவிட்டால் முதல் மனுவின் தேதியைக் குறிப்பிட்டு அடுத்த மனு. அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம், இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்கள் அலுவலகத்தில் அவர் தெருக் கோப்புதான் முதலில் நகரும்.

இப்போது வரியை இணையத்தில் கட்டலாம், சான்றிதழைச் செல்பேசியில் இறக்கிக்கொள்ளலாம், முதல்வரின் உதவி எண் 1100க்கு வீட்டிலிருந்தே பேசலாம். நல்லதுதான். ஆனால் பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது பெயர்களில் ஏகப்பட்ட பிழை நுழைந்திருக்கிறது. முருகேசன் முருகேஷ் ஆகியிருக்கிறார், கதவு எண் இடம் மாறியிருக்கிறது. உங்கள் வரிவிதிப்பு எண்ணைப் போட்டு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். தவறு இருந்தால் பழைய ரசீதைக் காட்டி இப்போதே திருத்துங்கள். வீட்டை விற்கிற அன்று திருத்த முடியாது.

வேலையை விட்டு வந்த பிறகும் என்னைத் தேடி வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் ஒரு கோப்பு வையுங்கள். அதில் சொத்து வரி ரசீதுகள், வரிவிதிப்பு எண், குடிநீர் இணைப்பு எண், மின் இணைப்பு எண், வாசல் மின்கம்பத்தின் எண், வீட்டில் எல்லாருடைய பிறப்புச் சான்று, காலமானவர்களின் இறப்புச் சான்று இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். பேரூராட்சி அலுவலகத்தில் யாரையும் தெரியாது என்று தயங்காதீர்கள். தெரிந்த ஆள் மூலம் நடக்கும் வேலை அந்த ஆள் மாற்றலானதும் நின்றுவிடும். நீங்கள் கொடுத்த காகிதம் நிற்கும். எந்த மனுவைக் கொடுத்தாலும் தேதியும் முத்திரையும் விழுந்த பிரதியைக் கையில் வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள்.